சத்தம் போனால் போதும்

வண்டியில் சத்தம் கேட்கிறது என்று வருகிறவர்களுக்கு அது எப்படிப்பட்ட சத்தம் என்று சொல்லத் தெரியாது, சேர். நடித்துத்தான் காட்டுவார்கள். பாலாவியில் என் கராஜுக்கு வந்த ஒரு ஹாஜியார் ஆடு மாதிரிக் கத்திக் காட்டினார். பார்த்தால் பெல்ட் தளர்ந்திருந்தது. நான் சிரிக்க மாட்டேன். எஞ்சினை ஓடவிட்டு, நீட்டு ஸ்குரூ டிரைவரின் நுனியை அதில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பேன். குளிரில் டிக் டிக் என்று அடித்துச் சூடானதும் அடங்கினால் பெரிய காரியமில்லை. சூடாகச் சூடாக அடியிலிருந்து டொக் டொக் என்று தட்டினால் பேரிங் தேய்ந்துவிட்டது. அப்படியே ஓட்டினால், பாரம் இழுக்கிற இடத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

ஸுஹைபின் வேன் அப்படித்தான் தட்டியது.

ஸுஹைப் என் தங்கச்சி றைஸாவின் மாப்பிள்ளை. வாய்க்குள் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன் என்று ஊரே சொல்லும். எனக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். தொண்ணூறில் இயக்கக்காரர் முஸ்லிம் சனங்கள் எங்களை மன்னாரிலிருந்து விரட்டியபோது றைஸா கைக்குழந்தை. பாலாவி முகாமுக்கு வந்த வருசமே உம்மா காய்ச்சலில் மவுத்தாகிவிட்டா. வாப்பா உப்பளத்துக்குப் போய்விடுவார். முகாமில், ஓலைக் கொட்டிலில், அவளைக் குளிப்பாட்டியதும் ஊட்டியதும் ஓதக் கூட்டிப்போனதும் அண்ணன் நான்தான்; 'நானா, நானா' என்று என் பின்னாலேயே திரிவாள். எனக்கென்று ஒரு கலியாணம்கூட முடிக்கவில்லை. உழைத்ததையெல்லாம் கல்லும் சீமெந்துமாக்கி அவளுக்குச் சீதன வீடு கட்டினேன். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். பெண் எங்கேயும் போகத் தேவையில்லை. நல்ல வழக்கம் அது.

சண்டை முடிந்ததும் சனங்கள் மன்னாரில் முசலிப் பக்கம் திரும்பிப் போய்க் காணி துப்புரவாக்கத் தொடங்கினார்கள். ஸுஹைபுக்கும் அவன் வாப்பாவின் காணியில் ஆசை வந்தது. வீட்டை விற்றுவிட்டார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். டயர் மாற்ற வந்த உப்பு முதலாளி ஒருவர், "ஒங்கட தங்கச்சிட வீட்ட நாந்தான் எடுத்த" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். நட்டு இறுக்கிக்கொண்டிருந்த கையில் தோல் உரிந்தது பிறகுதான் தெரிந்தது.

றைஸாவிடம் போனேன். "அவன் ஒன்ன ஏமாத்திக் கையெழுத்து வாங்கினானா?" என்று கேட்டேன்.

"இல்ல நானா. நாந்தான் விப்பம்னு சொன்ன. எனக்கும் என்ட ஊருக்குப் போகணும்."

கைக்குழந்தையாக வந்தவளுக்கு அங்கே என்ன ஊர். அவன் ஓதிக் கொடுத்ததைச் சொல்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன். என் முகத்தை நேரே பார்த்துத்தான் சொன்னாள். இருந்தாலும் நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

அடுத்த கிழமை ஸுஹைப் வேனைக் கொண்டுவந்தான். "மச்சான், சத்தம் போனாப் போதும். இந்தச் சத்தத்தோட ஏற மாட்டாவாம் ஒங்கட தங்கச்சி."

பேரிங் மாற்றுவதென்றால் எஞ்சினை இறக்க வேண்டும். நான் இறக்கவில்லை. இருந்த ஒயிலை வடித்துவிட்டு, கூழ் மாதிரித் தடித்த ஒயிலை ஊற்றினேன். தட்டுவது அடங்கியது. நோய் உள்ளே அப்படியே இருந்தது, முனகல் மட்டும் நின்றது. அவன் கேட்டதைத்தானே செய்தேன். என் கையைப் பிடித்து "ஜஸாக்கல்லாஹ்" என்று நன்றி சொன்னான்.

எந்தப் பாதையால் போகிறாய் என்று கேட்டேன். அநுராதபுரம் சுற்றி என்றான்.

"அது வீண் சுத்து. எலுவன்குளத்தால போ, காட்டுக்குள்ளால கிட்ட. பாலத்துக்கு மேல கொஞ்சம் தண்ணி ஓடும். முதல் கியர்ல போட்டு, நிப்பாட்டாம இழு."

மாரி மழைக்குக் கலா ஓயா ஆறு அந்தத் தாழ்ந்த பாலத்துக்கு மேலால் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். சாமான் ஏற்றிய வேன், முதல் கியர், பக்கத்தில் அடிக்கிற தண்ணீர். எஞ்சின் எந்த இடத்தில் இறுகும் என்பதும் தெரியும்.

முதலில் அவன் மட்டும் சாமானோடு போய், பிறகு வந்து அவளைக் கூட்டிப்போவதாகத்தான் கதை. ஆனால் போகிற காலையில் கராஜ் வாசலில் வேன் நின்றது. றைஸா இறங்கி வந்தாள். "நானா, நானும் போறன். சத்தம் சரிதானே? பயமில்லாம ஏறலாமா?"

ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வளர்த்த காலத்தில் ஒருநாளும் அவள் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் கண்டதில்லை. என் வயிறு எரிந்தது.

"ஓம், ஏறு" என்றேன். வேன் கதவையும் நானே சாத்தினேன்.

பாலத்தின் நடுவில் எஞ்சின் நின்றது, வேனைத் தண்ணீர் புரட்டியது. ஊர்ச் சனம் ஸுஹைபை இழுத்தெடுத்தார்கள். றைஸாவைப் பின்னேரம்தான் கண்டெடுத்தார்கள். இன்று ஆஸ்பத்திரி வாசலில் அவன் தலையிலடித்து, "நாந்தான் அவள மவுத்தாக்கின, நாந்தான் கூட்டிப் போன" என்று அழுகிறான். சனங்கள் அவனைக் கட்டிப்பிடித்துத் தேற்றுகிறார்கள். எனக்கு ஒருவரும் ஆறுதல் சொல்லவில்லை. வாக்குமூலத்தில் அவன் செய்ததாக எழுத வேண்டாம், சேர். அவனுக்குத் துணிவு காணாது. நான் செய்தேன் என்று எழுதுங்கள்.

இன்னொன்று. மையித்தை முசலிக்குக் கொண்டுபோய் அடக்கப் போகிறானாம். அதை மட்டும் தடுத்துத் தாருங்கள். என்னிடம் ஒப்படையுங்கள். அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்.