விளக்கு வைத்தபின் சொல்லாத பெயர்

ஓடைக்கரையில் நடப்பவனுக்கு முதலில் வாயை மூடிக்கொள்ளத் தெரிய வேண்டும், ஐயா. பேசிக்கொண்டே போனால் ஒரு பிராணியும் கண்ணில் படாது. நான் பள்ளிக்கூட வாத்தியார், பகலெல்லாம் கத்துகிறவன். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கும் ஓடையோரமாகச் செங்கம் ரோடு வரைக்கும் நடந்தால்தான் எனக்கு மனசு அடங்கும்.

செத்துப்போன கம்பவுண்டர் சோமசேகரன் அந்த நடையில் என்னோடு சேர்ந்துகொண்டது போன வருஷம். சர்க்கரை வியாதிக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். நான்தான் வலியப் போய்க் கூப்பிட்டேன். மனிதர் மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவர், குருவியைத் தவிர எதுவும் தெரியாது. மீன்கொத்தியைக் காட்டினேன். பாறை இடுக்கில் உடும்பைக் காட்டினேன். ஒரு நாள் புளியமரத்தில் தேவாங்கு தெரிந்தது. அதன் கண்ணைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், அதை நான் மறுக்கவில்லை.

அவர் கையில் எதற்குக் களிம்பு பூசியிருந்தது என்றுதானே கேட்டீர்கள். அதற்கு என் மனைவி அன்னத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில், அவள் விறகு எடுக்கக் கையை நீட்டினாள். கடித்துவிட்டது. காலில்லாமல் ஊர்ந்து போகிற அதைத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கம் பொழுது சாய்ந்தால் அதன் பெயரை யாரும் வாயில் எடுக்க மாட்டோம், சொன்னால் வீடு தேடி வரும் என்பார்கள். பூச்சி என்போம். பகலில் நானே அதன் பெயரைக் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியிருக்கிறேன். அது வேறு.

டிஸ்பென்சரியில் டாக்டர் இல்லை. சோமசேகரன் இருந்தார், ஊருக்குப் புதிதாக வந்த சமயம். பூச்சி கடிச்சிடுச்சுங்க என்றேன். அன்னத்தின் விரலைப் பார்த்தார். வீக்கம் இல்லை, வலிகூட இல்லை, ஊசி குத்தின மாதிரி இரண்டு புள்ளி. ஒரு சின்ன டப்பாவில் மஞ்சள் களிம்பு எடுத்துக் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னார். ஒரு கேள்வி கேட்கவில்லை. விடியும்போது அன்னத்துக்கு இமையைத் தூக்க முடியவில்லை. அப்புறம் மூச்சு விடவும் முடியவில்லை.

அவருக்கு அவள் ஞாபகமே இல்லை, ஐயா. நடையில் ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தேன். பூச்சிக் கடின்னு யாராவது வருவாங்களா சார் என்றேன். "அது தினம் நாலு பேர் வர்றாங்க சார். களிம்பு குடுத்தா போயிடுவாங்க" என்று சிரித்தார். அதுவரைக்கும் நான் அவரை என்ன செய்வது என்று முடிவு பண்ணியிருக்கவில்லை. மறுநாளிலிருந்து அந்த டப்பாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் நடந்தேன்.

அவசரப்படவில்லை. ஓடைத் திருப்பத்தில் ஒரு வேலமரம் இருக்கிறது. அதன் வேரடிப் பொந்திலிருந்து அந்தி நேரத்தில் ஒன்று வெளியே வரும். தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி போட்டது போல வட்டங்கள். நான் பார்த்துவைத்திருந்தேன். அவருக்கு மட்டும் காட்டவில்லை.

மழை நின்ற பிறகு அவர் மகள் பொன்வண்டு கேட்டு அடம்பிடிக்கிறாள் என்றார். அந்தப் பச்சைப் பூச்சி எங்கே சார் கிடைக்கும் என்று தினமும் நச்சரித்தார். பொன்வண்டு இலையில் இருக்கும், பொந்தில் இருக்காது. என் வகுப்பில் உள்ள சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை வேலமரத்தடிக்கு வந்தபோது தெருவில் விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. நான் நின்றேன்.

"அந்தப் பொந்துல பூச்சி இருக்கு சார்."

"என்ன பூச்சி சார்? பொன்வண்டா?"

"பூச்சி சார்" என்றேன்.

அவர் குனிந்து கையை விட்டார்.

நான் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். எங்கள் ஊரில் பிறந்த யாரும் அந்த வார்த்தையைக் கேட்டால் இரண்டடி பின்னால் போயிருப்பார்கள். அவர் கத்திக்கொண்டு உட்கார்ந்ததும் ஓடக் கூடாது, விஷம் ஏறும் என்று சொல்லி மெதுவாக நடத்தி வந்தேன். ரோட்டு வழி கிட்டம்தான், ஆனால் வண்டிகளின் இரைச்சல் ஜாஸ்தி. கரையோரமாகவே சுற்றி அழைத்து வந்தேன். வழியில் அவரை உட்காரவைத்துக் களிம்பைப் பூசினேன். மூன்று வருஷத்தில் கொஞ்சம் காய்ந்துபோயிருந்தது. என்ன சார் கடிச்சது, என்ன சார் கடிச்சது என்று கேட்டுக்கொண்டே வந்தார். பூச்சிதான் என்றேன். புதரோரம் ஒரு கீரி குட்டிகளோடு போயிற்று. காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. விடியும்போது போய்விட்டார். அன்னமும் விடியும்போதுதான் போனாள்.

பொந்தில் என்ன இருந்தது என்று பெயரைச் சொல்லச் சொல்கிறீர்கள். உங்கள் ஸ்டேஷனிலும் இப்போதுதான் விளக்குப் போட்டார்கள். காலையில் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தேதான் அவர் கையை அங்கே விட வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். சோமசேகரன் ஒரு கேள்வி கேட்கவில்லை என்றேன். கேட்டார். அன்னத்தின் விரலைப் பிடித்துக்கொண்டு, என்ன பூச்சி என்று கேட்டார். அன்னம் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "பேரைச் சொல்லிடுங்க" என்றாள். விளக்கு வைத்த நேரத்தில் பேசுகிற பேச்சா இது என்று அவளை அடக்கிவிட்டு, பூச்சிதாங்க என்றேன்.

அவர் இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டாமா, ஐயா?