மூக்குத்தி மாறிய மகாலட்சுமியை வரைந்த கைக்கு

குர்லா வைஜயந்தி லித்தோ அச்சகத்தில் இருபத்தேழு ஆண்டுகள் தலைமை ஓவியராக வீற்றிருந்து இன்று விடைபெறும் உயர்திரு பஞ்சாபகேசன் அவர்களே! வண்ணத்தின் வள்ளலே! வரிக்கோட்டின் வல்லவரே! கல்லையும் கனியச் செய்த கைவினைச் செல்வரே! வணக்கம்.

கல்லச்சு முறையில், தாளில் படம் நேராக விழ வேண்டுமானால், அச்சுக்கல்லில் அதை இடம்வலம் மாற்றி வரைய வேண்டும். எண்ணெய் விரல் ஒன்று பட்டாலும் அதுவும் அச்சாகிவிடும். ஆகவே சீயக்காயால் கைகழுவி, மூச்சையும் அடக்கிக் கல்முன் அமர்ந்தீர்கள். வடை தின்ற கையோடு நாங்கள் அருகில் வந்தால் தாங்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அப்பப்பா! எங்கள் கைகள் இன்று சுத்தமாயிருப்பது அந்தப் பார்வையால்தான்.

காலண்டர்த் தெய்வங்களுக்கான முகங்களைத் தாங்கள் தேடிய தலம் லோக்கல் ரயில் வண்டி! முலுண்டில் ஏறும் டிக்கெட் பரிசோதகரின் மீசை மதுரை வீரனுக்குப் போயிற்று; மாட்டுங்கா மார்க்கெட்டுக் கீரைக்காரியின் சிரிப்பு அன்னபூரணிக்கு; குர்லா ஆலைப் புகையினூடே விடியும் செம்மை தாமரை இதழ்களுக்கு. பழைய டிக்கெட்டின் பின்புறத்தில் பென்சிலால் குறித்த முகத்தை ஓராண்டு கழித்தும் மறவாத நினைவு தங்களுடையது.

அத்தகைய தாங்கள், பிரிவு விழாவுக்கு என்ன பரிசு வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது, "சால்வை கீல்வைன்னு ஒண்ணும் வேண்டாம். நான் இனிமே வரையப்போறதும் இல்லை. ரயில்ல பார்த்தவா முகமெல்லாம் ஞாபகம் இருக்கு, அபயாம்பா முகம் மட்டும் மறந்துண்டே வருது" என்றீர்கள்.

அந்த மறதிக்குக் காரணமான குற்றம் எங்களுடையது, ஐயா. இந்த விழாவிலே அதைச் சொல்லாமல் புகழ்ந்தால் எங்கள் நாக்கு கூசும்.

தங்கள் துணைவியார் அபயாம்பாள் அம்மையார் புகைப்படத்துக்கு ஒருநாளும் இசையாதவர். அவர் மறைந்த மறு ஆண்டு, போர்க்காலத்துக் காலண்டருக்கு மகாலட்சுமியை வரைந்தீர்கள். கை, தாமரை, யானை யாவற்றையும் முறைப்படி மாற்றிப் போட்ட தாங்கள், முகத்தை மட்டும் நேராகவே வரைந்துவிட்டீர்கள். அம்மையார் வலப்பக்கம் அணிந்த ஒற்றைக்கல் மூக்குத்தி, அச்சில் இடப்பக்கம் விழுந்தது. படம் கேட்டிருந்த வியாபாரி வேண்டாமென்று திருப்பினார். காகிதப் பஞ்சமாதலால் அச்சான தாள்களைக் கிழித்தெறியாமல் தாராவிக் கடைகளுக்கு மலிவாக விற்றோம். ஒரு தாளை நாங்கள் நீட்டியபோது, "இது கண்ணாடியில தெரியறவ. கல்லுல இருக்கறவதான் அவ. கல்லைத் தேய்ச்சுடாதீங்கோ" என்று தாளை வாங்க மறுத்தீர்கள்.

மறுநாள் காலை, அந்தச் சேதியை நாங்கள் தெரிவிக்குமுன், அடுத்த படத்துக்காகக் கல்லைத் தேய்த்துப் பழைய படத்தை அழிக்கும் உதுமான் வழக்கப்படி அதையும் தேய்த்துவிட்டார். "நான் பாவி ஐயா!" என்று அவர் அழுதார். தாங்களோ ஒரு சொல்லும் கடியாமல், அந்த வெறுங்கல்லிலேயே முருகனை வரையத் தொடங்கினீர்கள். பொறுமைக்கு இதைவிட வேறு பெயர் எங்களுக்குத் தெரியாது!

அம்மையார் முகம் மறந்து வருகிறது என்ற தங்கள் சொல்லை இப்போது கேட்டபின் உதுமான் சும்மா இருக்கவில்லை. ஆறு ஞாயிறு தாராவியில் வீடுவீடாக, "மூக்குத்தி மாறுன லட்சுமி இருக்கா?" என்று கேட்டு அலைந்தார். பைத்தியம் என்று நகைத்தவரும் உண்டு. ஏழாம் ஞாயிறு, தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளியின் மனைவி பேச்சியம்மாள் வீட்டில், குங்குமம் அப்பிய அந்தக் காலண்டரைக் கண்டார். அன்றே எங்கள் எல்லோரையும் அழைத்துப் போனார். எவ்வளவு கெஞ்சியும் அந்த அம்மை தரவில்லை.

"வெள்ளி தவறாம வெளக்கேத்துத சாமிய எப்படிக் கழட்டித் தருவேன்? அவியளுக்குப் பாக்கணும்னா இங்க வரட்டும். எம்புட்டு நேரம் வேணும்னாலும் இருக்கட்டும்" என்றார்.

ஆகவே வெறுங்கையோடு நிற்கிறோம், ஐயா! ஆனால் ஒன்று கண்டு வந்தோம். படத்துக்கு எதிர்ச்சுவரில் அந்த அம்மை பொட்டிட்டுக்கொள்ளும் கண்ணாடி தொங்குகிறது. தற்செயலாக அதில் பார்த்த உதுமான் "யா அல்லாஹ்!" என்று கூவி எங்களை அழைத்தார். நாங்களும் பார்த்தோம். மகாலட்சுமியின் கை மாறியிருந்தது, மாறட்டும்! மூக்குத்தி வலப்பக்கம் இருந்தது. கல்லில் தாங்கள் வரைந்த முகம் அப்படியே இருந்தது.

கண்ணொளி குன்றாமல், கைந்நடுக்கம் அணுகாமல், பேரன் பேத்தியரின் கல்யாணங்களையும் கண்டு தாங்கள் நெடிது வாழ்க! வருகிற வெள்ளி மாலை நான்கு மணிக்கு உதுமான் தங்கள் வீட்டு வாசலில் நிற்பார். விளக்கேற்றும் வேளைக்குப் பேச்சியம்மாள் காத்திருப்பார். தயவுசெய்து பென்சிலை மறந்துவிடாதீர்கள்.

இங்ஙனம்,
தங்கள் பார்வைக்கு அஞ்சிக் கைகழுவக் கற்ற
வைஜயந்தி லித்தோ அச்சகத் தோழர்கள்
குர்லா, பம்பாய்
26-9-1948