கம்ப்யூட்டருக்குத் தைத்த தோல் சட்டை

பிள்ளைகளே, வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒருவர் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் அவரோடு ஷூ கம்பெனியில் வேலை செய்யும் கூட்டாளி. பெட்டிக்காரர் சொன்ன முதல் வார்த்தையிலேயே நான் காதைக் கொடுத்துவிட்டேன்.

“இதுக்குத் தோல்ல சட்டை தெச்சிப் போட்டேன்பா.”

“இன்னா தோஸ்த், கம்ப்யூட்டருக்குக் குளிருதாமா?”

“ஃபேன் சத்தம் ஜாஸ்தி. வீட்டுக்காரம்மா நர்ஸு, நைட் டூட்டி முடிச்சி வந்து பகல்ல தூங்க முடியல. அதான் சுத்தி மூடி, இழுத்துத் தெச்சிட்டேன்.”

“சத்தம் நின்னுச்சா?”

“கம்ப்யூட்டரே நின்னுபோச்சி! காத்து போற ஓட்டையெல்லாம் அடைச்சிட்டேன். உள்ள பொண்ணோட காலேஜ் ப்ராஜெக்ட். திங்கக்கிழமை குடுக்கணும். ஒரே அழுகை.”

“கடைக்காரன் இன்னா சொன்னான்?”

“சூட்டுல பவர் சப்ளை மட்டுந்தான் போச்சாம். பெரிய ஃபேன் வெச்ச வேற ஒண்ணு போட்டான். பெருசுன்னா மெதுவா சுத்துமாம், சத்தம் கம்மியாம். ஆன் பண்ணான், சத்தமே வரல. போச்சுடான்னு பின்னால கை வெச்சேன். காத்து வருது!”

“ப்ராஜெக்ட்டு?”

“முழுசா இருக்குப்பா. அதைக் கண்ணால பாத்தப்புறந்தான் ஒரு டீ குடிச்சேன்.”