மாசி ரோசு

– கத்தாதேன்னா எப்படிங்க அமுதவல்லியக்கா? அருவா கையில இருக்குது, செடி மொட்டையா நிக்குது. கேட்டா கவாத்து பண்ணினேங்கறீங்க. வாழவந்தியில ஒருத்தரும் இந்தக் கூத்து பண்ண மாட்டாங்க.

– என் ஊட்டுச் செடி, காவேரி. வெட்டுவேன், வேரோட புடுங்கியும் எறிவேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு உனக்கென்ன கேள்வி?

– எனக்கெதுக்குங்க ஊர் வம்பு. ஆனா கடையில வாங்கற ரோசுக்குத்தானுங்க கவாத்து? இது வெள்ளைக்காரங்க பங்களாவுல இருந்த பழைய ஜாதி, போன வருசத்துக் கொம்புலதான் பூக்கும், அருவா பட்டா அந்த வருசம் பூவே இல்லைன்னு பொழுதன்னைக்கும் பாடம் நடத்துனது யாரு? என் ஆடு ஒரு கொம்பைக் கடிச்சதுக்கு மாசக்கணக்குல என்கூடப் பேசாம இருந்தது யாருங்க?

– இலையெல்லாம் கரும்புள்ளி. மூடுபனி விட்டபாடில்ல. அதான் வெட்டுனேன்.

– மூடுபனிக்குப் புள்ளி எந்த வருசந்தான் வரல? வெயிலடிச்சா தானாக் கொட்டிரும். தை பொறந்தும் விடியக்காலம் குழாத் தண்ணியத் தொட முடியல, இந்த வருசந்தான் நல்ல குளிர். கொம்பு பூரா மொட்டு கட்டியிருந்துது. பாருங்க, அத்தனையும் மண்ணுல கெடக்குது.

– போன வருசமும் பூக்கல. குடியா முழுகிப் போச்சு?

– போன வருசம் குளிரு வரல, பூ வரல, உங்க மக சுதாராணியும் வரல. மாசியில பூத்திருச்சுன்னு நீங்க போன் போட்டா, மறுநாளே சென்னையிலருந்து பஸ் ஏறி வந்து அப்பன் படத்துக்குப் பூ வெச்சுட்டுப் போவாளே. சேலத்துல என் தங்கச்சி ஊட்டுலயும் இதே பதியந்தான். ஓலைக்கொட்டாய் உசரம் தழைச்சு நிக்குது, பேருக்கு ஒரு மொட்டு கெடையாது. இந்த மலைக்குளிர் பட்டாத்தான் அதுக்கு உசுரே வரும். அந்தக் குளிர் வந்த வருசமாப் பாத்து…

– போதும் காவேரி.

– சுதா கேட்டா என்ன சொல்லுவீங்க?

– இந்த வருசமும் குளிரில்ல கண்ணு, பூக்கல, நீ வர வேண்டாம்னு சொல்லுவேன்.

– ஏனுங்க்கா, பல்லு கிட்டுற குளிர்ல நின்னுக்கிட்டு இப்படியொரு பொய்யா?

– பூத்தா நான் கூப்புடணும். கூப்புட்டா அவ லீவு இல்லம்மான்னு சொல்லணும். பெத்தவகிட்ட அவளும் எத்தனை பொய்தான் சொல்லுவா? தினமும் காலையில கதவைத் தொறந்தா மொட்டு அத்தனையும் என்னையே பாக்குது, எப்ப போன் போடுவேன்னு. இந்த ஊட்டுல என்னைப் பாக்க வேற யாரு இருக்கறா, சொல்லு.

– லீவு கெடைக்குமுங்க. சென்னை என்ன, சீமையிலயா இருக்குது?

– சென்னையிலதான் இருக்கறாளா? போன வாரம் போன்ல மூஞ்சியக் காட்டுனா. இங்க ஒரே வேர்வைம்மாங்கறா. கழுத்துல கம்பளி சுத்தியிருக்குது, பேசப் பேச வாயில புகை. இந்த மலையிலயே பொறந்து வளந்தவ நான். எனக்குக் குளிரு தெரியாதா?

– ஆபீசுல ஏசி நொம்ப ஜாஸ்தியா வெச்சிருப்பாங்க.

– தெருவுல நின்னு பேசறா காவேரி. தெருவுக்கு யாரு ஏசி போடுவா? பின்னாடி அந்த ஜோஸ்வாப் பையன் கூப்புடற சத்தமும் கேட்டுது.

– அவனைத்தான் கட்டிக்குவேன்னு சுதா சொன்னதுக்கு நீங்க சோறு தின்னாமக் கெடந்தீங்களே, அந்தப் பையனா? நாந்தானுங்க உங்களுக்குக் கஞ்சி காச்சிக் கொண்டாந்தேன்.

– அவனைத்தான் கட்டிக்கிட்டு எங்கியோ குளிர் தேசத்துக்குப் போயிட்டா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். ஊருக்கும் தெரிய வேண்டாம். உன் வாயில விழுந்தா பொழுது சாயறதுக்குள்ள வெள்ளக்கடை வரைக்கும் போயிரும். உன்னைக் கையெடுத்துக் கும்புடறேன், ஒருத்தர்கிட்டயும் சொல்லிப்புடாத.

– கனடாங்க்கா. ஐப்பசியில ரிஜிஸ்டர் கல்யாணம், கார்த்திகையில பிளேன் ஏறிட்டாங்க. அம்மா தாங்காதுன்னு சுதா எனக்குத்தான் போன் போட்டு அழுதா. ஊருக்கே தெரியுமுங்க. உங்க காதுல மட்டும் போட்டுராதீங்கன்னு ஊடு ஊடாப் போயிச் சொல்லிட்டு வந்தது நாந்தானுங்க.