உச்சியில் அணைத்த விளக்கு

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. லாரி ஓட்டுகிறவன் நேரமும் கிலோமீட்டரும் குறித்து வைத்தால் போதும், அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ஆனால் அதை இருபத்திரண்டு வருஷம் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறேன். இதையும் அப்படியே எழுதிக் கொடுக்கிறேன். நாளைக் காலையைப் பற்றி நீங்கள் சொன்னீர்களே, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எங்கள் லாரி யார்டில் எனக்கு 'நிதானம்' என்று பெயர். கல் பலகைகள் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலையைத் தாண்டித் துறைமுகத்தில் சேர்ப்பது எங்கள் வேலை. மலை ஏறுவதில் ஒன்றும் இல்லை. வண்டி முக்கும், முனகும், ஊர்ந்து போகும். இறக்கம்தான் ஆளை எடை போடும். ஏழு கிலோமீட்டர், பதினோரு வளைவு. பின்னாலிருந்து இருபது டன் தள்ளிக்கொண்டே இருக்கும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் நாலைந்து வளைவுக்குள் அது காய்ந்து புகையும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். அதனால் சின்ன கியரில் போட்டு, இன்ஜினைக்கொண்டே வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும்.

உச்சியில் ஒரு அறிவிப்புப் பலகை நட்டிருக்கிறோம். எங்கள் லாரி எதுவானாலும் அங்கே நிற்கும். பின்னால் ஜீப்பில் ஒருவர் துணைக்கு வருவார். டிரைவர் வாக்கி டாக்கியில் "ரெண்டாவது கியர் போட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். ஜீப்பிலிருந்து "இறங்கு" என்று பதில் வந்தால்தான் லாரி நகரும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான். நாலு வருஷமாக ஜீப்பில் உட்கார்ந்து "இறங்கு" என்று சொல்கிறவனும் நான்தான். இதற்கு முன் ஒரு லாரிகூடக் கவிழ்ந்ததில்லை.

நான் ஏன் லாரியை விட்டு ஜீப்புக்கு வந்தேன் என்று யாரும் கேட்டதில்லை. அனுபவஸ்தன், சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவன், அதனால் மேனேஜர் பொறுப்புக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் நான்தான் கேட்டு வாங்கினேன். நாலு வருஷத்துக்கு முன் ஏழாவது வளைவில் என் லாரியில் பிரேக் போய்விட்டது. அங்கே தறிகெட்டு வரும் வண்டி ஏறி நிற்பதற்காக மணல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஏற்றி நிறுத்தினேன். கீறல் இல்லை. இறங்கி டயரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, மணல் சரியாக இருக்கிறதா என்று சோதித்ததாக மேனேஜரிடம் சொன்னேன். அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு உச்சியில் அந்தப் பலகையைக் கண்டாலே உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கும். பயம் என்று சொல்ல மாட்டேன், ஜாக்கிரதை என்று சொல்லலாம். ஜீப்பில் வரும்போது அவ்வளவு தெரியாது. முன்னால் ஒரு லாரி போகும். ஏதாவது ஆனால் அதற்குத்தான் முதலில் ஆகும் என்று ஒரு நிம்மதி.

இந்த வருஷம் ஆட்டோ கியர் லாரி இரண்டு வந்தன. கிளட்ச் இல்லை, கியர் தானாக விழும். அந்தக் கம்பெனிக்காரர்கள் மூன்று நாள் வகுப்பு நடத்தினார்கள். யார்டிலிருந்து நான் ஒருவன்தான் போனேன். கியர் தண்டின் நுனியில் ஒரு பட்டன் இருக்கிறது, டோ பட்டன் என்பார்கள். அதை அமுக்கினால் முன்னால் லாரியும் டிரெய்லரும் படமாக வரைந்த சின்ன மஞ்சள் விளக்கு எரியும். சுமை இழுக்கிறோம் என்று அப்போதுதான் வண்டிக்குத் தெரியும். ஏற்றத்தில் கியரை மாற்றி மாற்றித் திணறாது. இறக்கத்தில் பிரேக்கை லேசாகத் தொட்டாலே கியரைத் தானே குறைத்து, இன்ஜினால் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பட்டனைப் போடாவிட்டால் அது டீசல் மிச்சம் பிடிக்கப் பெரிய கியருக்குப் போய்விடும், இருபது டன்னும் பிரேக் தலையில் விழும். இவ்வளவும் கையேட்டில் இருக்கிறது. அதை என் அலமாரியில் சட்டைகளுக்கு அடியிலிருந்து உங்கள் போலீஸ்காரர்கள் எடுத்ததாகச் சொன்னீர்கள். பென்சில் கோடு நான் போட்டதுதான்.

இனி என் மனைவியின் தம்பியைப் பற்றி. வயது முப்பத்தொன்று. அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டதால் என் மனைவிதான் தூக்கி வளர்த்தாள். எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தான். யார்டில் அவனுக்கு 'லொடலொட' என்று பெயர். வாயை மூடவே தெரியாது. டயருக்குக் காற்று பிடிக்கும்போதுகூட டயரோடு பேசிக்கொண்டிருப்பான். சமதரை ரூட்டில் ஒரு வருஷம் நன்றாக ஓட்டினான். மலைக்கு அவனைத் தயார் செய்யச் சொன்னார் மேனேஜர்.

முதல் நாள் புது லாரியைக் காலி டிரெய்லரோடு நான் ஓட்டிக் காட்ட வேண்டியதாயிற்று. மறுக்க முடியவில்லை. பட்டன் இருக்கிறது, வண்டியே பார்த்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் வளைவு தாண்டினேன். இரண்டாவது வளைவில் இன்ஜின் பெருங்குரலில் இரைந்தது. கியர் குறைந்தால் இரைச்சல் வரும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் காது அடைத்துவிட்டது. நடு ரோட்டில் வண்டியை நிறுத்தினேன். கால் பிரேக்கிலிருந்து எழவில்லை. கை ஸ்டியரிங்கை விடவில்லை. அவன் கை பிரேக்கைப் போட்டான். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். சீட் நனைந்திருந்தது. தன் துண்டை அதன்மேல் போட்டு உட்கார்ந்து அவனே கீழே வரைக்கும் ஓட்டினான். அவ்வளவு நேரமும் அவன் பேசாமல் வந்தது அன்றைக்குத்தான்.

கீழே வந்ததும் சொன்னான்: "மாமா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அக்காகிட்டகூட சொல்ல மாட்டேன்."

சொல்லவும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் கேலி செய்திருந்தால் ஒரு அறை விட்டுவிட்டு மறந்திருப்பேன். அவனோ என்னைப் பார்த்துப் பார்த்துக் கவனித்தான். சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைப்பான், நான் கொட்டிவிடக் கூடாதாம். யார்டில் அவன் நாலு பேரோடு சிரித்துக்கொண்டிருந்தால் டயர் பார்க்கிற மாதிரி பக்கத்தில் போய் நிற்பேன். மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினால் முதலில் அவன் எங்கே என்று தேடுவேன். லொடலொடவின் வாயில் என் மானம் இருந்தது. எந்த நிமிஷமும் அது கீழே விழலாம். மூன்று வாரம் நான் தூங்கவில்லை. ஆமாம், எனக்குப் பயமாக இருந்தது. அவனைக் கண்டு பயம். மலையைக் கண்டு இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "மாமா, வெள்ளிக்கிழமை மேனேஜர்கிட்ட நானே பக்குவமா பேசறேன். உங்களுக்கு யார்டுக்குள்ளயே வேலை கேக்கலாம். மனசுல இப்படி வச்சுக்கிட்டு ஜீப்புல வந்தா உங்களுக்கும் ஆபத்து, முன்னாடி போறவனுக்கும் ஆபத்து."

"சரி மாப்ள" என்றேன்.

மறுநாள் அவனுக்குப் பட்டனைப் பற்றிப் பாடம் எடுத்தேன். அவனாகவேதான் கேட்டான்.

"மாமா, அன்னைக்கு எறங்கும்போது இன்ஜின் அப்படிக் கத்துச்சே, கியர்பாக்ஸுக்கு ஒண்ணும் ஆகாதா?"

புதிதாக ஆட்டோ கியர் ஓட்டுகிறவன் எல்லாருக்கும் இந்தச் சந்தேகம் வரும். வகுப்பில் எனக்கும் வந்தது. சத்தம் போடுகிற வண்டி கஷ்டப்படுகிறது, சத்தமில்லாத வண்டி சுகமாகப் போகிறது என்றுதான் நம் புத்திக்குத் தோன்றும். நான் அந்தச் சந்தேகத்தை உண்டாக்கவில்லை. அங்கே இருந்ததற்குத் தலையை ஆட்டினேன்.

"ஆகும் மாப்ள. அந்தப் பட்டன் ஏறுறதுக்குத்தான். உச்சிக்கு வந்ததும் அமுக்கி விளக்கை அணைச்சுடணும். பலகைகிட்ட நின்னு, 'விளக்கு அணைச்சாச்சு'ன்னு சொல்லு. நான் 'இறங்கு'ன்னு சொல்றேன்."

"நல்லவேளை கேட்டேன். இல்லேன்னா புது வண்டியை ஒடைச்சிருப்பேன்" என்று சிரித்தான். நன்றி வேறு சொன்னான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உச்சியில் நின்றோம். வெயில், காற்று இல்லை. முன்னால் அவன் லாரி, டிரெய்லரில் பத்தொன்பது டன், சுமையோடு அவனுக்கு இதுதான் முதல் இறக்கம். என் மனைவி கொடுத்தனுப்பிய சாப்பாட்டுப் பை என் ஜீப்பில் இருந்தது, கீழே போய் இருவரும் சாப்பிடுவதற்கு.

"மாமா, விளக்கு அணைச்சாச்சு."

அந்த இடத்தில் நான் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. முப்பது வினாடி இருக்கும். சும்மா ஒரு பயம் காட்டினால் போதும் என்று நினைத்தேன். அவனுக்கும் பிரேக் காய்ந்து, அவனும் மணலில் ஏறி, அவனும் சீட்டை நனைத்தால் பிறகு வெள்ளிக்கிழமை எதையும் பேச மாட்டான். ஏழாவது வளைவு வரை தாங்கும் என்று கணக்குப் போட்டேன். என் வண்டி தாங்கியதே.

"இறங்கு" என்றேன்.

இரண்டாவது வளைவிலிருந்து அவன் பிரேக் விளக்கு அணையவே இல்லை. மூன்றாவதில் வாடை வந்தது, ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகுகிற வாடை. டிரெய்லர் சக்கரத்திலிருந்து வெள்ளையாகப் புகை. அப்போதுதான் அவன் கூப்பிட்டான்.

"மாமா, பெடல் உள்ள உள்ள போகுது."

"ஒண்ணும் இல்ல மாப்ள. விட்டு விட்டு மிதி."

நாலாவது வளைவில் டிரெய்லர் தடுப்புக் கல்லை உரசிக்கொண்டு போனது. அவன் குரல் மாறிவிட்டது.

"மாமா, பட்டனைப் போட்டுப் பாக்கவா? கியர்பாக்ஸ் போனா போகட்டும் மாமா. போடட்டுமா?"

அப்போது போட்டிருந்தால் பிடித்திருக்குமா என்று நேற்று கேட்டீர்கள். பிடித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வாக்கி என் வாய்க்கு நேராக இருந்தது. அப்போது எனக்கு ஒன்றுதான் தோன்றியது: பட்டனைப் போட்டு அவன் பிழைத்துவிட்டால், போட்டதால்தான் பிழைத்தான் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். பிறகு வெள்ளிக்கிழமை சொல்வதற்கு அவனிடம் இரண்டு விஷயம் இருக்கும்.

"வேண்டாம்" என்றேன்.

அவன் நான் சொன்னதைக் கேட்டான். எப்போதும் கேட்பான். கடைசியாக வாக்கியில் வந்தது இதுதான்: "மாமா, நீங்க கிட்ட வராதீங்க. பின்னாடியே நின்னுடுங்க."

ஆறாவது வளைவில் லாரி திரும்பவில்லை.

ஜீப்பை அங்கேயே நிறுத்திவிட்டு மலைப்பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து இறங்கினேன். துக்கத்தில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன் என்று எல்லாரும் சொன்னார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் என் மனைவி, "கடைசி வரைக்கும் அவன் பின்னாடியே போய்ப் பாத்துக்கிட்டவர் இவர்தான்" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை.

அவனைக் கொன்றது நான்தான். எந்தப் பிரிவு வேண்டுமானாலும் போடுங்கள், எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போடுகிறேன். என் மனைவியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக் காலை மிச்சமிருக்கும் இன்னொரு ஆட்டோ கியர் லாரியில் என்னை உச்சிக்குக் கூட்டிப்போய், எந்த வளைவில் என்ன நடந்தது என்று கீழே வரை காட்டச் சொல்வதாகச் சொன்னீர்கள். அதற்கு அவசியம் இல்லாமல் போகட்டும் என்றுதான் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன். பயத்தில் சொல்லவில்லை, இவ்வளவு தெளிவாக எழுதிய பிறகு அது எதற்கு என்றுதான் கேட்கிறேன். போய்த்தான் ஆக வேண்டும் என்றால், ஓட்டுகிறவரிடம் தயவுசெய்து சொல்லுங்கள். உச்சியில் நின்று பட்டனைப் போடட்டும். மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று நான் என் கண்ணால் பார்த்த பிறகு இறங்கட்டும்.