சராசரிக் கோடு இறங்கும்வரை

மார்ச் 16, ஞாயிறு

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். சராசரிக் கோட்டைக் கடைசி ஒன்பது எண்களுக்குப் போட வேண்டிய இடத்தில் இருபது எண்களுக்குப் போட்டுவிட்டேன். எண்ணிக்கை கூடக்கூடச் சராசரி மந்தமாகும். விழ வேண்டியது விழுந்து வெகுநேரம் கழித்துத்தான் கோடு தலைகுனியும். மாலை வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் அது. நான் இப்படித்தான். ஒரு வரி எழுதினால் இருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன், அப்படியும் தப்பு வந்துவிடுகிறது.

வகுப்பு நடப்பது டைல்ஸ் கடை மாடியில். பங்குச் சந்தை கற்றுத்தரும் சார் முதல் நாளே சொன்னார். "உங்க கருத்தையெல்லாம் செருப்போட சேத்து வாசல்லயே கழட்டிட்டு வாங்க. உள்ள கோடு பேசும், நீங்க கேக்கணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். எப்பேர்ப்பட்ட தலைகள். ஒருவர் ஓய்வுபெற்ற வங்கிக்காரர். விளம்பரத்தில் வரும் குழந்தை அழகாகச் சிரிக்கிறது என்று பங்கு வாங்குகிறவர். இன்னொரு அம்மாள், சரிந்துகொண்டே போகும் பங்கை "பாவம்" என்று விற்காமல் வைத்திருக்கிறார், நோஞ்சான் பிள்ளையை வளர்ப்பதுபோல. அடுத்த நாற்காலியில் என் அண்ணன்.

அண்ணனுக்குக் கருத்து இல்லாத விஷயமே கிடையாது. பெயின்ட் கடையில் விற்பனையாளர் வேலை. நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்து வீட்டிலும் பேசுவான். ஒரு பெயின்ட் கம்பெனியின் பங்கை அவன் வாங்கியதற்குச் சொன்ன காரணத்தை அப்படியே எழுதுகிறேன். "டப்பா மூடி எவ்ளோ லேசா தொறக்குது பாத்தியாடா? மூடிக்கே இவ்ளோ அக்கறைன்னா உள்ள எப்படி இருக்கும்?"

அதே வாரம், விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துச் சொல்லும் மூன்று குறிகாட்டிகளும் ஒருசேர "வாங்கு" என்ற ஒரு பங்கை நான் வாங்கினேன். அது படுத்துவிட்டது. மூடிப் பங்கு ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பில் அண்ணன் எழுந்து நின்று கேட்டான். "என்ன கோட்டுச்சாமி, உன் கோடு எங்கடா? ரப்பர் வெச்சு அழிச்சிட்டியா?" அந்தப் பட்டப்பெயரை எனக்கு வைத்ததும் அவன்தான். வங்கிக்காரர் மூச்சுத் திணறச் சிரித்தார். சாரும் சிரித்தார். சாரிடம் அதை நான் எதிர்பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபமும் ஒரு கருத்துதான்.

அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. மேல்கையில் ஒட்டியிருக்கும் வட்டக் கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தச் சர்க்கரையின் அளவை அவன் போனுக்கு அனுப்பும். போன் அதைக் கோடாக வரையும். சந்தைக் கோட்டையும் இதையும் பக்கத்தில் வைத்தால் எது எதென்று சாரே திணறுவார். அண்ணன் படுக்கப்போகும்போது போனை என்னிடம் தூக்கிப் போடுவான். "கோடு பாக்கற ஆளாச்சே, இதையும் பாரு. இறங்குச்சுன்னா எழுப்பு." அந்த எண்களைக் கணினியில் ஏற்றிக் குறிகாட்டிகள் போட்டுப் பழகிவந்தேன். விடுமுறை நாளில் நல்ல பயிற்சி.

இன்று மதியம் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். பாதிச் சாப்பாட்டில் நண்பன் போன் செய்தான். அவனுக்கு மூடிக் கதையை முதலிலிருந்து அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் சோறு காய்ந்துவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு, போனை என்னிடம் போட்டுவிட்டுப் படுத்தான். அண்ணி மருந்துக்கடையில் வேலைக்குப் போயிருந்தார்.

கோடு இறங்கத் தொடங்கியது. போன் அலறியது. எந்த எண்ணுக்குக் கீழே போனால் அலற வேண்டும் என்பது யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து முடிவுசெய்தது. அதாவது இன்னொருவரின் கருத்து. அலறலை நிறுத்தினேன். என் சராசரிக் கோடு இன்னும் இறங்கவில்லை. இன்னொரு குறிகாட்டி, வீழ்ச்சி அளவுக்கு மீறிவிட்டது, இனி திரும்பும் என்றது. ஒன்றை மட்டும் நம்பாதே, இரண்டும் ஒத்துப்போகும்வரை கைகட்டி உட்கார் என்பது சாரின் விதி. உட்கார்ந்தேன்.

உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டான். "டேய்... டேய், ஜூஸ்..." நாக்கு குழறியது. சந்தையில் காதில் விழுவதையெல்லாம் கணக்கில் எடுப்பவன் உருப்பட மாட்டான்.

பிறகு எழுந்து போய் அவன் அறை வாசலில் நின்று பார்த்தேன். இதை மறைக்கவில்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் என் பக்கம்தான் இருந்தது. ஃபிரிட்ஜில் ஜூஸ் இருந்தது எனக்குத் தெரியும். கொடுத்திருந்தால் கோடு ஏறியிருக்கும்; ஆனால் அது தானாகத் திரும்பியிருக்குமா என்பது கடைசிவரை தெரியாமல் போயிருக்கும். என் இடத்துக்குத் திரும்பினேன்.

அண்ணி என் போனில் கூப்பிட்டார். "தம்பி, அவர் சாப்பிட்டாரா? ஊசி போட்டாரா?"

"ரெண்டும் ஆச்சு அண்ணி. தூங்கறான்."

"ஒரு தடவை எழுப்பிப் பாரேன். மனசு என்னமோ பண்ணுது."

"கோடு நல்லாதான் இருக்கு அண்ணி."

"நீ பாத்தா சரிதான். உன்னை நம்பித்தான் நிம்மதியா வேலை பாக்கறேன்."

மனசு என்னமோ பண்ணுகிறதாம். இப்படித்தான் இவர்கள் பங்கும் வாங்குகிறார்கள்.

சராசரிக் கோடு இறங்கியபோது உள்ளே சத்தம் எதுவும் இல்லை. இரண்டு குறிகாட்டிகளும் ஒத்துப்போயின. அதன் பிறகு நான் தாமதிக்கவே இல்லை. உடனே ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். மருத்துவமனையில் டாக்டர் கேட்டார். "பக்கத்துலதானே இருந்தீங்க, ஒண்ணுமே கேக்கலையா?" கேட்டது என்றேன். அவருக்குப் புரியவில்லை. அண்ணி என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "அவர் போன் உன்கிட்டதானடா இருந்துச்சு?" என்னிடம்தான் இருந்தது. இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. போலீஸ் நாளை வந்து கேட்டால் இங்கே எழுதியதையே சொல்வேன். அண்ணன் ஜூஸ் கேட்டான், கேட்டது என் காதில் விழுந்தது, நான் கொடுக்கவில்லை, அவன் செத்துப்போனான். இதில் என் சொந்த விருப்புவெறுப்பு எங்கேயும் இல்லை. இருமுறை படித்துப் பார்த்துவிட்டேன்.

நாளைய வேலை: ஒன்பதே காலுக்குச் சந்தை திறந்ததும், அவன் போனிலிருந்தே அந்தப் பெயின்ட் பங்கை முழுதாக விற்றுவிட வேண்டும். மூன்று குறிகாட்டிகளும் இன்னும் ஏறும், விற்காதே என்கின்றன. இருந்தாலும் விற்க வேண்டும்.