ஒரு கைப்பிடி மட்டும்

பட்டறையில் கை துடைக்க நல்ல துணி கிடைப்பது குதிரைக் கொம்பு, ஐயா. முதலாளி வாங்கிப் போடுவதெல்லாம் தையல்கடையில் மிஞ்சிய துண்டுகள். எண்ணெயைக் குடிக்காது, பூசும். அதனால் ஒருவருக்கொருவர் நல்ல துணி கொடுப்பது எங்களுக்குள் ஒரு மரியாதை. என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு நான் ஒன்று கொடுத்தேன். நீளமான, கெட்டியான பருத்தித் துணி. அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு மறைத்தேன் என்று ஆகக் கூடாது.

வாயால் சொன்னால் போதும் என்றீர்கள். நானே எழுதுகிறேன் என்றேன். எழுத்து எனக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் வந்தது. வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது மில்லிங் மெஷின். இரும்புக் கட்டையை மேசையில் இறுக்கி, மேலே சுற்றும் கட்டருக்குக் கீழே நகர்த்தி நகர்த்திச் செதுக்குகிற வேலை. மேசைக்கு இரண்டு முனையிலும் கைப்பிடி உண்டு. ஒரு சுற்று சுற்றினால் மேசை ஐந்து மில்லி போகும். சுற்றை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லிக்கொண்டே எண்ண வேண்டும். இருபத்தோரு வருஷம் எண்ணினேன். மாடிப்படி ஏறும்போதும் உதடு அசைகிறது என்று என் வீட்டுக்காரி சிரிப்பாள்.

மாப்பிள்ளையை முதலாளியிடம் கூட்டிப்போனது நான்தான். ஏழு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். "அண்ணே, ஏதாவது பண்ணேன்" என்று தங்கச்சி அழுதாள். பண்ணினேன். அவர் படித்தவர். வந்த மூன்றாவது வாரம், இந்தப் பழைய மெஷினுக்கு சர்வோ மோட்டார் மாட்டிக் கம்ப்யூட்டரால் ஓட்டலாம் என்று முதலாளிக்குப் படம் போட்டுக் காட்டினார்.

"மச்சான், உங்க கைக்கு இனிமே லீவு" என்றார் என்னிடம். "கீழ விழுற தூள அள்ளுனா போதும்."

லேத்தில் நிற்கிறவர் இடையில் புகுந்தார். "மெஷினுக்கு மூள வைக்கிறாராம்யா. மிச்சம் மீதி இருந்தா உனக்கும் கொஞ்சம் வைக்கச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வராது, ஐயா. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மேசையை நகர்த்துகிற திருகு பழசு என்றால் தேய்மானம் இருக்கும். திசை மாற்றும்போது கைப்பிடி கொஞ்சம் வெறுமனே சுற்றும், மேசை நகராது. அதை பிளே என்போம். நடுவில் ஒரு அளவு, ஓரத்தில் ஒரு அளவு. எந்த இடத்தில் எவ்வளவு என்று என் உள்ளங்கைக்குத் தெரியும். மாப்பிள்ளை கேட்டார், ஒன்று விடாமல் சொன்னேன். அவர் அதைக் கம்ப்யூட்டருக்குள் எண்ணாகப் போட்டார். போட்டுவிட்டால் அதுவே சரிசெய்துகொள்ளுமாம். அன்று சாயங்காலம் முதலாளியிடம், "ரெண்டு நாள் அளந்து கண்டுபிடிச்சேன் சார்" என்றார். நான் பக்கத்தில்தான் தூள் அள்ளிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

மோட்டார் இடது முனையில் ஏறியது. அந்தப் பக்கக் கைப்பிடியைக் கழற்றிப் பழைய இரும்போடு போட்டார். வலது பக்கத்தையும் கழற்ற வந்தபோது, அது ஒன்று மட்டும் இருக்கட்டுமே என்று கேட்டேன். இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வேகத்தில் கைப்பிடி சுற்றினால் ஆளை அடிக்கும். அதனால்தான் கழற்றுவார்கள். ஆனால் எங்கள் மெஷினில் கைப்பிடிக்குள் ஒரு ஸ்பிரிங் உண்டு. கையால் உள்ளே தள்ளிப் பிடித்தால்தான் அதன் பல் திருகைக் கவ்வும். விட்டால் வெளியே வந்து சும்மா தொங்கும். திருகு எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அது அசையாது. அந்தத் தைரியத்தில்தான் அவர் விட்டார்.

"இருந்துட்டுப் போகட்டும் மச்சான். பழசு ஞாபகம் வந்தா தொட்டுத் தொட்டுப் பாத்துக்கங்க" என்றார்.

புதன்கிழமை காலை முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. அளவு பார்க்கிற டயல் கேஜை நான்தான் மாட்டிக் கொடுத்தேன். வலது பக்கம் மாட்டினேன். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும். முள்ளைப் படிக்க ஆள் கொஞ்சம் குனிய வேண்டும். குனிந்தால் இடுப்பு கைப்பிடிக்கு நேரே வரும். நான் கொடுத்த துணியை அவர் வழக்கம்போல இடுப்பில் செருகியிருந்தார். ஒரு முனை தொங்கியது.

பொத்தான்கள் இடது பக்கம், நான் நின்ற இடத்துப் பெட்டியில். அவர் கேஜ் பக்கத்தில் குனிந்தபடி குரல் கொடுத்தார். "பச்சைய அமுக்குங்க மச்சான். எழுத்து தெரியலன்னாலும் கலர் தெரியும்ல?"

எழுத்தும் தெரிந்தது. அழுத்தினேன்.

கைப்பிடி சுற்றியது. துணியைப் பிடித்தது. கெட்டித் துணி என்பதால் கிழியவில்லை, கயிறாக முறுக்கிக்கொண்டு இழுத்தது. பிறகு கைப்பிடியின் குமிழ் அவர் வயிற்றில் விழத் தொடங்கியது. "மச்சான்" என்று ஒரு தடவை கூப்பிட்டார். சிவப்புப் பொத்தான் பச்சைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் அதை அழுத்தினேன், ஐயா. அழுத்தவில்லை என்று லேத்காரர் சொல்வது பொய். இருபது சுற்றுக்கு அப்புறம் அழுத்தினேன். நூறு மில்லி. எண்ணுவது பழக்கதோஷம். பாதியில் விட வராது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். தங்கச்சி என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். "நீ பக்கத்துல இருந்தும் இப்படி ஆயிடுச்சேண்ணே" என்றாள். அவளுக்கு இனி நான்தான் எல்லாம். அவள் பிள்ளைகளை நான் விட்டுவிட மாட்டேன்.

ஸ்பிரிங் ஏன் கைப்பிடியை வெளியே தள்ளவில்லை என்று முதல் நாள் கேட்டீர்கள். பழைய ஸ்பிரிங், சோர்ந்திருக்கும் என்றேன். அது தவறு. கைப்பிடியை உள்ளே தள்ளி, அதற்கும் முன்னால் இருக்கும் நட்டுக்கும் நடுவில், அது வெளியே வர முடியாதபடி, ஒரு இரும்புத் துண்டைச் செருகியிருந்தேன். உங்கள் மேசை மேல் உறையில் இருக்கிறதே, பாதி வளையம் மாதிரி, அதுதான். அன்று காலை ஏதோ வேகத்தில், கைக்குக் கிடைத்ததை வைத்துவிட்டேன். யோசித்துச் செய்ததல்ல. ஒரு நிமிஷப் புத்திகெட்ட வேலை. அப்படித்தான் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நேற்று உறையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "ஓரமெல்லாம் இவ்வளவு நேர்த்தியா இருக்கே" என்று உங்கள் ஆள் ஒருவர் சொன்னார். வேலை தெரிந்தவர் போலிருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாளில் அந்தப் பட்டறையில் ஒருவரும் எனக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆகவே அவருக்காக இதையும் எழுதுகிறேன். அது கீழே கிடந்து எடுத்த துண்டு இல்லை. மோட்டார் ஏறுவதற்கு முதல் நாள், அந்த மெஷினில் நான் கையால் சுற்றிச் செய்த கடைசி வேலை. மூன்று தடவை அளந்தேன். ஒரு மயிரிழை பிசகவில்லை.